முதியோர் இல்லத்து நர்ஸ் ஆக: வேலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மே மாதம் பிளஸ் டூ முடிவு வந்துவிட்டால் போதும், எங்கள் இல்லத்து வாசலில் யாராவது ஓர் அம்மா மகளைக் கையோடு அழைத்து வந்து நிற்பார். "சிஸ்டர், இவள நர்சிங்ல சேர்த்தா உங்ககிட்ட வேலை கிடைக்குமா?" நான் காட்பாடிக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்சிங் பொறுப்பில் இருக்கிறேன். அதற்கு முன் ஒன்பது வருடம் மருத்துவமனை வார்டு. நின்றுகொண்டே பதில் சொல்வதில் பாதி விட்டுப்போகிறது. அதனால் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதியோர் இல்லத்தில் வேலை பார்க்க நர்சிங் படித்தே ஆக வேண்டுமா?

வேண்டாம். ஆனால் எந்த வேலைக்குப் போகிறீர்கள் என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். குளிப்பாட்டுவது, சாப்பாடு ஊட்டுவது, நடக்கக் கைகொடுப்பது எல்லாம் கேர்டேக்கர் வேலை. இதற்குச் சில மாதப் பயிற்சிகள் உண்டு. மத்திய அரசின் தேசிய சமூகப் பாதுகாப்பு நிறுவனம் முதியோர் பராமரிப்புக்கென்றே சான்றிதழ்ப் பயிற்சி நடத்துகிறது. திறன் மேம்பாட்டுத் திட்டங்களில் ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட், ஹோம் ஹெல்த் எய்ட் என்ற பெயர்களில் வரும். ஊசி போடுவது, மருந்து கொடுப்பது, புண்ணுக்கு டிரெஸ்ஸிங், சிறுநீர்க் குழாய், சார்ட்டில் (நோயாளியின் குறிப்பேட்டில்) எழுதிக் கையெழுத்துப் போடுவது எல்லாம் நர்ஸ் வேலை. அந்தக் கையெழுத்துக்குப் பின்னால் மாநில நர்சிங் கவுன்சிலின் பதிவு எண் இருக்க வேண்டும்.

இரண்டுமே நல்ல வேலைதான். கேர்டேக்கர் பயிற்சி எடுத்துவிட்டு நர்ஸ் என்று நம்பிக்கொண்டிருப்பதுதான் வம்பு. பெயர்க் குழப்பம் எங்கள் ஊரில் இன்னும் கொஞ்சம் அதிகம். இங்கே பாட்டியையும் ஆயா என்போம், வார்டு உதவிப் பெண்ணையும் ஆயா என்போம். திருநெல்வேலியிலிருந்து வந்து சேர்ந்த ஒரு பெண், "ஆயாவைக் குளிப்பாட்டிட்டியா?" என்று நான் கேட்டதும் அரை நிமிடம் விழித்துக்கொண்டு நின்றாள்.

நர்ஸ் ஆக என்ன படிக்க வேண்டும்? எத்தனை வருடம்?

மூன்று வழிகள். ஏ.என்.எம். (துணை நர்ஸ், மருத்துவச்சிப் படிப்பு) இரண்டு வருடம், பெண்களுக்கு மட்டும். பிளஸ் டூவில் எந்தப் பிரிவு படித்திருந்தாலும் சேரலாம். ஆனால் அந்தப் படிப்பு கிராம சுகாதாரம், தாய் சேய் நலம் பக்கம் சாய்ந்தது. முதியோர் இல்லத்தில் நர்ஸ் பொறுப்புக்கு அது போதாது என்பது என் எண்ணம்.

ஜி.என்.எம். (பொது நர்சிங், மருத்துவச்சிப் படிப்பு) மூன்று வருட டிப்ளமோ. இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி ஆங்கிலத்தோடு பிளஸ் டூ தேறி, குறைந்தது 40 சதவீதம் இருக்க வேண்டும். பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருடம். அதற்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் கட்டாயம், மூன்றும் சேர்த்து 45 சதவீதம். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு 40. எந்த வழியானாலும் 17 வயது நிரம்பியிருக்க வேண்டும். படித்து முடித்ததும் தமிழ்நாடு நர்சுகள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சிலில் பதிவு செய்த பிறகுதான் நீங்கள் சட்டப்படி நர்ஸ்.

வீட்டில் பணம் இறுக்கமாக இருந்தால் ஜி.என்.எம். முடித்து வேலைக்குப் போய், அப்புறம் ஏற்கெனவே நர்ஸ் ஆனவர்களுக்கான இரண்டு வருட போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படிக்கலாம். அப்படி வந்தவர்கள் எங்களிடம் இரண்டு பேர் இருக்கிறார்கள். அரசுப் பள்ளியில் ஆறாவது முதல் பிளஸ் டூ வரை படித்த பெண்ணாக இருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும், டிப்ளமோவுக்கும் உண்டு. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன்.

நான் காமர்ஸ் குரூப். எனக்கு வழி இருக்கிறதா?

பி.எஸ்சி.க்கு இல்லை. ஜி.என்.எம்.முக்கு கவுன்சில் விதிப்படி இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு சேர்க்கை அறிவிப்பிலும் பாடப்பிரிவு பற்றித் தனி நிபந்தனை போட்டிருப்பார்கள், அதை வரி வரியாகப் படியுங்கள்.

"ஆறு மாதத்தில் நர்சிங் டிப்ளமோ, நூறு சதவீத வேலை" என்று பஸ் ஸ்டாண்டில் ஒட்டியிருக்கிறார்களே?

ஆறு மாதத்தில் நர்ஸ் ஆக முடியாது. அவர்கள் கொடுப்பது உதவியாளர் பயிற்சியாக இருக்கலாம், அதுகூட நன்றாகவே இருக்கலாம். நர்சிங் என்ற சொல்லைப் போட்டு வசூலிக்கும் கட்டணத்தில்தான் கோளாறு. போய்க் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "படிப்பு முடிந்ததும் கவுன்சிலில் பதிவு செய்ய முடியுமா?" நேரடியாக ஆமாம் என்று வராமல் "எங்க சர்டிபிகேட் ஆல் இந்தியா வேலிட் மேடம்" என்று சுற்றினால் எழுந்து வந்துவிடுங்கள். அங்கீகாரம் பெற்ற பள்ளிகளின் பட்டியல் கவுன்சிலின் இணையதளத்திலேயே இருக்கிறது. அந்த வருடத்துக்கு அங்கீகாரம் உண்டா என்றும் பாருங்கள். 2023இல் தேசிய நர்சிங், மருத்துவச்சி ஆணையச் சட்டம் வந்திருக்கிறது, 1947ஆம் வருடச் சட்டத்துக்குப் பதிலாக. விதிகள் மாறுகிற காலம் இது. அக்கா படித்தபோது இருந்ததை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

ஒரு பெண் எங்களிடம் நேர்காணலுக்கு வந்தாள். அப்பா தோல் தொழிற்சாலையில் கூலி, கடன் வாங்கி ஒன்றரை வருடம் படிக்க வைத்திருக்கிறார். சான்றிதழில் தங்க எழுத்து, ஹாலோகிராம், எல்லாம் இருந்தது. பதிவு எண் மட்டும் இல்லை. அவளைக் கேர்டேக்கராகத்தான் சேர்க்க முடிந்தது.

வேலூரிலேயே படிக்க முடியுமா?

இதற்கு இந்த ஊரைவிட நல்ல ஊர் கிடைப்பது கஷ்டம். அமெரிக்க டாக்டர் ஐடா ஸ்கடர் 1900இல் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கியதுதான் சி.எம்.சி. என்கிற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. 1909இல் அங்கே நர்சிங் பள்ளி வந்தது. 1946இல் பட்டப்படிப்பு ஆனது, இந்தியாவிலேயே நர்சிங்கில் பட்டம் கொடுக்கத் தொடங்கிய முதல் இடங்கள் டெல்லியும் வேலூரும்தான். இன்றைக்கு அங்கே முதியோர் மருத்துவத்துக்குத் தனித்துறையே இருக்கிறது. சேருவதற்குத் தனி விண்ணப்பம், போட்டி கடுமை. அது கிடைக்காவிட்டால் உலகம் முடிந்துவிடாது, பழைய வட ஆற்காடு எல்லைக்குள் தனியார் நர்சிங் பள்ளிகளும் கல்லூரிகளும் நிறைய இருக்கின்றன. கட்டடத்தைப் பார்த்து மயங்காமல், போஸ்டிங் (வார்டுப் பயிற்சி) எந்த மருத்துவமனையில், அங்கே எத்தனை படுக்கை என்று கேளுங்கள். படுக்கையில் நோயாளி இல்லாத மருத்துவமனையில் மூன்று வருடம் கழித்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். புத்தகம் மனப்பாடம், ஆனால் ஆளைத் திருப்பிப் படுக்க வைக்கத் தெரியாது.

முதியோருக்கென்று தனிப் படிப்பு உண்டா?

உண்டு. பதிவு பெற்ற நர்சுகளுக்கு இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த ஒரு வருட போஸ்ட் பேசிக் டிப்ளமோக்களில் முதியோர் நர்சிங்கும் ஒன்று. ஆனால் படிப்பு முடிந்த கையோடு இல்லத்துக்கு வராதீர்கள். இரண்டு வருடமாவது பொது மருத்துவ வார்டில் இருந்துவிட்டு வாருங்கள். வார்டில் சந்தேகம் வந்தால் கூப்பிட்ட குரலுக்கு டூட்டி டாக்டர் இருப்பார். இல்லத்தில் ராத்திரி இரண்டு மணிக்கு நீங்கள் மட்டும்தான். 108ஐக் கூப்பிடுவதா, காலை வரை பார்க்கலாமா என்று முடிவு செய்ய, மோசமாகப் போகும் உடம்பு எப்படி இருக்கும் என்று முன்பே பார்த்திருக்க வேண்டும்.

இல்லத்தில் சேர்ந்ததும் முதலில் என்ன கற்றுக்கொள்ள வேண்டும்?

பிள்ளைகள் ஊசி, டிரிப் என்று எதிர்பார்த்து வருகிறார்கள். நான் முதல் வாரம் சொல்லிக்கொடுப்பது முதுகு பார்ப்பது. படுக்கையிலேயே இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் திருப்ப வேண்டும், அது எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. திருப்பும்போது என்ன பார்க்கிறோம் என்பதில்தான் வேலையே இருக்கிறது. பின்னந்தலை, தோள்பட்டை, முழங்கை, வால் எலும்பு, இடுப்பு, கணுக்கால், குதிகால். "சிவந்திருந்தால் படுக்கைப் புண்ணின் தொடக்கம்" என்று படித்திருப்பீர்கள். நம்மூர்க் கறுத்த தோலில் சிவப்பு எங்கே தெரிகிறது? புறங்கையை வைத்துப் பாருங்கள். பக்கத்துத் தோலைவிடச் சூடாக இருக்கிறதா, கல் போல இறுகியிருக்கிறதா, ஊறிப்போன மாதிரி இருக்கிறதா? அதுதான் அடையாளம். அந்த இடத்தில் ஸ்பிரிட் போட்டுத் தேய்க்கும் பழைய பழக்கத்தை விட்டுவிடுங்கள், தேய்த்தால் அடியில் இருக்கும் தசை இன்னும் கெடும்.

நானும் இதில் தவறியிருக்கிறேன். ஒரு மார்கழிக் குளிருக்கு ஓர் ஆயாவுக்குக் கம்பளி சாக்ஸ் போட்டுவிட்டோம். முதுகைத் தினமும் பார்த்தேன், இடுப்பைப் பார்த்தேன், சாக்ஸைக் கழற்றவில்லை. நான்காம் நாள் கழற்றினால் இடது குதிகாலில் எட்டணா அளவுக்குக் கறுப்பு. ஆற நான்கு மாதம் ஆனது. ஆயாவுக்குச் சர்க்கரை, காலில் உணர்ச்சி குறைவு, அதனால் வலி என்று சொல்லவே இல்லை. இன்றைக்கும் புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்லும் முதல் வாக்கியம் "சாக்ஸைக் கழட்டு."

அடுத்தது ஊட்டுவது. படுத்தவாக்கில் ஊட்டவே கூடாது. நிமிர்த்தி உட்காரவைத்து, சின்னக் கரண்டியில் கொடுத்து, தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகு அடுத்த வாய். முடிந்ததும் அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருக்கட்டும். பக்கவாதம் வந்தவருக்கு வெறும் தண்ணீர்தான் ஆபத்து, மூச்சுக்குழாய்க்குள் சட்டென்று ஓடிவிடும். கொஞ்சம் கெட்டியான கேழ்வரகுக் கூழ் பல பேருக்குச் சுலபமாக இறங்கும். குடித்த பிறகு குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலக் கேட்டால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

அப்புறம் வேலூர் வெயில். அக்னி நட்சத்திரத்தில் இங்கே 40 டிகிரியைத் தாண்டும். வயதானவர்களுக்குத் தாகமே சரியாகத் தெரியாது. தெரிந்தாலும் ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்திருக்க வேண்டுமே என்று குடிக்கமாட்டார்கள். சொம்பைப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தால் அது சாயங்காலம் வரை நிரம்பியே இருக்கும். மாலை ஐந்து மணிக்குள் பெரும்பகுதியைக் குடிக்க வைத்துவிடுவது என் வழக்கம். இதய நோய், சிறுநீரக நோய்க்காகத் தண்ணீர் அளவு போட்டவர்களுக்கு மட்டும் டாக்டர் எழுதிய கணக்கு. எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது என்றால் படுத்திருக்கும்போது பிபி பார்த்து, நின்று மூன்று நிமிடத்துக்குள் மறுபடி பார்க்க வேண்டும். மேல் அளவு 20 இறங்கியிருந்தால் விழப்போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மறதி நோய் வந்தவர்களிடம் எப்படிப் பேசுவது?

எதிர்த்துப் பேசாமல் இருப்பதுதான் தொடக்கம். ஒரு சம்பவம் சொல்கிறேன். குடியாத்தம் பக்கத்து ஆயா ஒருவர். சாயங்காலமானால் இரண்டு கையும் மடிக்கு மேல் நிற்காமல் அசைந்துகொண்டே இருக்கும். மாணவி ஒருத்தி சார்ட்டில் "கை நடுக்கம்" என்று எழுதிவிட்டாள். வருகிற டாக்டர் பார்த்தால் நடுக்கத்துக்கு மாத்திரை யோசிப்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பத்து நிமிடம் கையையே பார்த்தேன். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் உருட்டுகின்றன, நுனியை மடிக்கின்றன, சுண்டு விரல் ஒரு சுற்றுச் சுற்றி நூலை இழுக்கிறது. ஆயா பீடி சுற்றிக்கொண்டிருந்தார். நாற்பது வருடம் சுற்றிய கை அது. மறுநாள் முதல் நாலு மணிக்கு மடியில் ஒரு முறத்தை வைத்து முருங்கைக்கீரை ஆயக் கொடுத்தோம். சமையல்கட்டுக்கும் வசதி. "கட்டு எத்தனை ஆச்சு?" என்று கேட்பார். "இன்னும் ரெண்டு ஆயா" என்று சொல்வோம். சார்ட்டில் அந்த வரியை அடித்துவிட்டு "பீடி சுற்றும் அசைவு, மாலை 4 முதல்" என்று எழுதச் சொன்னேன்.

ஆகவே ஒருவர் வந்து சேரும் அன்றைக்கே வீட்டாரிடம் என்ன நோய், என்ன மாத்திரை என்பதோடு என்ன தொழில் செய்தார், எத்தனை மணிக்கு எழுவார், எந்தச் சாமி கும்பிடுவார் என்றும் கேட்டு எழுதுங்கள். கணியம்பாடி ஒன்றியக் கிராமங்களில் மறதி நோயைக் கண்டுபிடிக்க, நம் ஊர் ஆட்களுக்குப் பொருந்துகிற கேள்விகளை சி.எம்.சி. ஆய்வாளர்கள் உருவாக்கியதும் இதே காரணத்துக்காகத்தான். பள்ளிக்கூடமே போகாதவரிடம் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னால் அவருக்கு மறதியா, கணக்குத் தெரியாதா என்று எப்படிச் சொல்வது?

திடீரென்று குழம்பிப் பேசினால் அதுவும் மறதி நோய்தானா?

இல்லை, இதைக் கலந்துவிடாதீர்கள். மறதி நோய் மாதக் கணக்கில், வருடக் கணக்கில் வரும். நேற்றுவரை நன்றாக இருந்தவர் இன்று குழம்பினால் உடம்பில் எங்கோ கோளாறு: சிறுநீர்த் தொற்று, நெஞ்சுச் சளி, நீர் வற்றிப்போவது, மலச்சிக்கல், புது மாத்திரை, சர்க்கரை இறங்குவது. வயதானவர்களுக்குத் தொற்று இருந்தும் காய்ச்சல் வராமலே போகலாம், குழப்பம் மட்டும்தான் வெளியே தெரியும்.

ஓர் ஆடிக் கிருத்திகை அன்று ஒரு தாத்தா காலையிலிருந்து எல்லோரையும் திட்டிக்கொண்டிருந்தார். சாதுவான மனிதர். முருக பக்தர், ரத்தினகிரிக்கு வருடம் தவறாமல் காவடி எடுத்தவர். புதிதாக வந்த நர்ஸ் "வயசானா இப்படித்தான்" என்றாள். கையைத் தொட்டால் சில்லென்று வியர்வை. ஷுகர் 48. சர்க்கரை மாத்திரையைச் சமர்த்தாகப் போட்டுக்கொண்டு, விரதம் என்று இட்லியைத் தட்டோடு மூடி வைத்திருக்கிறார்! 70க்குக் கீழே போனாலே குறைவு. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துக் கால் மணி நேரத்தில் மறுபடி பார்த்தோம். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, அப்போது நரம்பில் குளுக்கோஸ்தான். கிருத்திகை, ஏகாதசி, ரம்ஜான் மூன்றும் எங்கள் மருந்து அலமாரிக் கதவில் ஒட்டிய நாட்காட்டியில் சிவப்பு மையில் இருக்கும்.

தமிழ் தெரிந்தால் போதுமா?

வேலூரில் போதாது. ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கத்துப் பெரியவர்கள் பலருக்கு வீட்டு மொழி உருது. ஆந்திர எல்லையோரம் தெலுங்கு. மறதி முற்றினால் பின்னால் கற்ற மொழி முதலில் போய்விடும், தாய்மொழி நிற்கும். உருதுவில் "தர்த்", தெலுங்கில் "நொப்பி", இரண்டும் வலிதான். தண்ணீர், பசி, பாத்ரூம், குளிர் இத்தனைக்கும் மூன்று மொழியிலும் சொல் தெரிந்திருந்தால் பாதி அழுகை நிற்கும்.

ஆண்கள் இந்த வேலைக்கு வரலாமா?

தாராளமாக. ஜி.என்.எம்., பி.எஸ்சி. இரண்டும் ஆண்களுக்கு உண்டு. எங்களிடம் கம்மவான்பேட்டைப் பக்கத்து ராணுவத் தாத்தா ஒருவர் இருந்தார், பெண்கள் குளிப்பாட்ட விடவேமாட்டார். "அந்தத் தம்பி வரட்டும்" என்று துண்டைக் கட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் காத்திருப்பார். பெண்களுக்குப் பெண்களே செய்ய வேண்டும் என்பதில் நாங்கள் எவ்வளவு கவனமாக இருக்கிறோமோ அதே கவனம் அவருக்கும் வேண்டும்தானே.

மலம் சிறுநீர் எடுக்க அருவருப்பாக இருக்குமே?

இருக்கும். முதல் மாதம் சாப்பாடு இறங்காது, அப்புறம் பழகிவிடும். ஆனால் முகத்தைச் சுளிக்காமல் இருக்கப் பழகுங்கள், அவர் உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். வீட்டில் "கழுவுற வேலைக்கா படிக்க வெச்சோம்?" என்று கேட்டால், அந்தக் கழுவும் நேரத்தில்தான் புண், ரத்தம், மலத்தின் நிறம் எல்லாம் கண்ணில் படும் என்று சொல்லுங்கள். நான் அந்த வேலையை முழுக்கக் கேர்டேக்கரிடம் விடுவதில்லை.

இறப்பைப் பார்க்க நேருமா?

நேரும், வருடத்துக்குச் சில தரம். இறந்துவிட்டார் என்று அறிவிப்பது டாக்டர்தான், நீங்கள் சொல்லக்கூடாது. அதன் பிறகு கண்ணை மூடி, தாடையைக் கட்டி, கை கால்களை நேராக்கி, குழாய்களை எடுத்து, உடம்பைத் துடைப்பது நம் வேலை. முஸ்லிம் குடும்பமென்றால் குளிப்பாட்டுவதை அவர்களே செய்வார்கள், நாம் அவசரப்படக் கூடாது. நகைகளை இன்னொருவரைச் சாட்சியாக வைத்துப் பட்டியலிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். "தங்க மூக்குத்தி" என்று எழுதாதீர்கள், "மஞ்சள் நிற மூக்குத்தி" என்று எழுதுங்கள். தங்கமா என்று நமக்குத் தெரியாது. முதல் இறப்பு அன்று அழுகை வந்தால் அழுங்கள், ஆனால் டூட்டி ஒப்படைத்துவிட்டு.

சம்பளம்?

இடத்துக்கு இடம் மாறுகிறது. மருத்துவமனையைவிடக் குறைவாகவே பேச்சைத் தொடங்குவார்கள், "இங்க வேலை கம்மி" என்பார்கள். நம்பாதீர்கள். மாதச் சம்பளம் 21,000 வரை இருந்தால், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) கேளுங்கள். பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) உண்டா என்று கேளுங்கள். ராத்திரியில் ஒரு நர்சுக்கு எத்தனை பேர், டாக்டர் வாரத்துக்கு எத்தனை தரம் வருவார், தங்க இடமும் சாப்பாடும் சம்பளத்தில் பிடித்தமா என்பதையும் சேரும் முன்பே கேட்டுவிடுங்கள்.

இந்த அனுபவத்தை வைத்து வெளிநாடு போகலாமா?

போகலாம், நிறையப் பேர் போகிறார்கள். ஜெர்மனியில் முதியோர் பராமரிப்பு, பொது நர்சிங், குழந்தை நர்சிங் மூன்றையும் 2020 முதல் ஒரே மூன்று வருடப் பயிற்சியாக்கிவிட்டார்கள். பயிற்சிக் காலத்திலேயே ஊதியம் உண்டு. இங்கே நர்ஸ் ஆனவர்கள் தங்கள் படிப்புக்கு அங்கீகாரம் வாங்கிப் போகிறார்கள், அதற்கு ஜெர்மன் மொழி பி2 அளவு வரை, அதாவது வேலையிடத்தில் தடையின்றிப் பேசும் அளவுக்கு, வர வேண்டும். ஒரு வருடமாவது உழைக்க வேண்டிய விஷயம் அது. ஜப்பானில் 'கைகோ' என்பது பராமரிப்பு வேலை. நர்ஸ் பதவி என்று நினைத்துப் போய் ஏமாறாதீர்கள். முகவரிடம் போகும் முன் அவர் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் உள்ள பதிவு பெற்ற முகவர்கள் பட்டியலில் இருக்கிறாரா என்று பாருங்கள். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் உச்சவரம்பு. மூன்று லட்சம் கேட்பவரிடம் இந்த விதியைச் சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். சென்னையில் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது, முதலில் அங்கே விசாரியுங்கள்.

சேருவதற்கு முன் ஒரு நாள் வந்து பார்க்கலாமா?

கட்டாயம் வாருங்கள். காலை ஆறு மணிக்கு வாருங்கள், பதினோரு மணிக்கு வந்தால் எல்லோரும் குளித்துப் பவுடர் போட்டு உட்கார்ந்திருப்பார்கள், ஒன்றும் தெரியாது. நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள், வளையல் மோதிரம் வேண்டாம். வயதான தோல் காகிதம் மாதிரி, கீறினால் உரிந்து வந்துவிடும். வழுக்காத செருப்பு, ஒரு சின்ன நோட்டு, முள் ஓடும் கைக்கடிகாரம். நாடியை எண்ண செல்போனை எடுத்தால் நான் வாங்கி வைத்துவிடுவேன்.